ஏழாவது கேள்விச் சீட்டு

பிஜித் தீவின் தலைநகர் சுவாவில் எங்கள் பல்கலைக்கழக உயிரியல் துறையில் வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு ஆய்வரங்கம் நடக்கும். தகரக் கூரை போட்ட நீளமான அறை. ஒருவர் தன் ஆய்வைப் பற்றிப் பேசுவார். இருபது பேர் கேட்போம். சுவா மழை சொல்லிக்கொண்டு வராது. தகரத்தில் அது இறங்கியதும் பேசுகிறவரின் வாய் மட்டும் அசையும், ஒன்றும் காதில் விழாது. மழை விடும்வரை தேநீர் குடிப்போம். கேள்வியில் வசமாக மாட்டிக்கொண்டவர்கள், இப்போது கொட்டாதா என்று கூரையைப் பார்ப்பதுண்டு.

மழை விட்டாலும் எங்கள் பேராசிரியர் விடமாட்டார். அவர் வைத்த வழக்கம் ஒன்று இருந்தது. பதில் வராத கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிப் பேச்சாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பதில்களை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். தெரியாது என்று எழுதலாம். எழுதாமல் இருக்கக் கூடாது.

சீட்டு எழுதும் பொறுப்பு என் தோழிக்கு. அவள் ரக்கிரக்கி ஊர்ப் பக்கத்துப் பிஜியப் பூர்வகுடிப் பெண். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்ததால் இந்தியாவிலிருந்து அங்கே கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான எங்கள் இந்தியை என்னைவிட நன்றாகப் பேசுவாள். நாங்கள் இருவரும் சேர்ந்து பழந்தின்னி வௌவால்களை எண்ணினோம். ஊருக்கு வெளியே மலைச்சரிவில் ஒரு பெரிய மரம். சாயங்காலம் அவை கூட்டமாகக் கிளம்பும்போது ஒருத்தி வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ண வேண்டும், மற்றவள் எழுத வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை.

"எங்க மாமாவுக்கு இது கறி, உனக்குப் பரீட்சை. நல்லா எண்ணு, பஹினி" என்பாள். பஹினி என்றால் இந்தியில் தங்கச்சி. அவளைவிட நான் இரண்டு மாதம் மூத்தவள், சொன்னால் கேட்டால்தானே. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இந்தியர் கை ஓங்கிவிட்டது என்று சொல்லி ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆய்வரங்கத்தில் நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. எங்கள் இந்தியரில் யார் நாட்டைவிட்டுப் போகிறார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஒருவர் நூலகப் புத்தகங்களை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் புரிந்துகொள்வோம். என் தோழி நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு அறை நிறைந்திருப்பதுபோலக் காட்டுவாள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. காரணம் சொல்லாமல் அவள்மேல் எரிந்து விழுவேன்.

ஒரு நாள் அப்பா அலுவலகத்திலிருந்து வந்த சட்டையோடு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தமிழில் பேசினார். எங்கள் வீட்டில் தமிழ் சாமிக்கும் ரகசியத்துக்கும் மட்டும்தான், மற்றதெல்லாம் இந்தி. என் மீதித் தமிழ் பிற்பாடு ஆக்லாந்தில், மதுரையிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் பொறுக்கியது.

"நூஜிலாந்து பேப்பர் வந்துட்டுது, கண்ணு. மூணு வாரத்துல பிளேன். யாருகிட்டயும் வாய தொறக்காத."

"அவகிட்ட மட்டும் சொல்றேன்ப்பா."

"அவகிட்டயும் வேணாம். ஆபீஸ்ல தெரிஞ்சா போகவிடாம நிறுத்திப்புடுவாங்க. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். நாளுதான் நல்லா இல்ல."

அந்த வாரமே ஆய்வரங்கத்தில் அடுத்த பருவத்துக்கான பேச்சாளர் பட்டியல் சுற்றி வந்தது. தோழி பேனாவை என் கையில் திணித்தாள். "கடைசி வெள்ளிக்கிழமை நம்ம ரெண்டு பேருக்கும். நீ பேசு, நான் படம் போடுறேன்" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் அன்று முத்து முத்தான கையெழுத்தில் செய்தேன். முதலில் என் பெயர், பிறகு அவள் பெயர்.

மிச்சமிருந்த மூன்று வாரமும் அவளோடு போய் வௌவால் எண்ணினேன். ஒரு தடவைகூட எண்ணிக்கை தவறவில்லை என்று இன்றும் வீம்பாகச் சொல்வேன். கடைசி நாள் பேருந்து நிறுத்தத்தில் "மோதெ" என்றாள். பிஜிய மொழியில் விடைபெறும் சொல், தினமும் சொல்வதுதான். நானும் சொன்னேன். எண்ணிக்கை நோட்டை அவள் மேசையில் வைக்கக்கூட எனக்குத் துணிவில்லை. நாண்டி விமான நிலையத்தில் தபாலில் போட்டேன், ஒரு வரிக் கடிதம்கூட இல்லாமல்.

ஆக்லாந்தில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று, அவள் அங்கே தனியாக நிற்பாள். அல்லது பட்டியலில் எங்கள் இரண்டு பெயரையும் அடித்திருப்பார்கள். இரண்டில் எது தேவலை என்று யோசித்து யோசித்து அழுதேன்.

சில வாரம் கழித்து, சுவாவில் எங்கள் பழைய பக்கத்து வீட்டாரிடம் முகவரி வாங்கி அவள் அனுப்பிய ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு கடிதமும் ஏழு சீட்டுகளும். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள், என் காதில் அவளுடைய கரும்புத் தோட்டத்து இந்தி மொழியாகவே விழுந்தது.

"பேச்சு நடந்துது. படமும் நானே போட்டேன், பேச்சும் நானே பேசினேன். உன் பேரத்தான் முதல்ல சொன்னேன். இப்ப எங்க அண்ணி கூட வந்து எண்ணுறாங்க. வேகமா எண்ணுறாங்க, தப்பா எண்ணுறாங்க. பழகிடும். இந்தக் கேள்வியெல்லாம் உனக்கு. தபால்ல வரணுமேன்னு பேராசிரியர் ஒரு மாசம் குடுத்திருக்காரு."

மரத்துக்குப் பின்பக்கமாகப் பறந்தவற்றை எப்படி எண்ணினீர்கள், மழை நாளில் என்ன செய்தீர்கள் என்பதுபோல ஆறு கேள்விகள். ஆறுக்கும் அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன். ஏழாவது சீட்டில் இருந்தது அவளுடைய கேள்வி.

"என்கிட்ட ஏன் சொல்லல? பெட்டி தூக்க வந்திருப்பேனே."

நான் எழுதப்போவதை எல்லார் முன்னாலும் அவள் வாசிக்க வேண்டும் என்று தெரியும். அப்பா சொல்லக் கூடாது என்றார் என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் பதில் அது இல்லை. கிழித்தேன். தெரியாது என்று எழுதினேன். அது பொய். அதையும் கிழித்தேன். ஒரு வாரம் கழித்து ஒரே வரி எழுதி அனுப்பினேன்: "நீ பெட்டி தூக்க வந்திருந்தால் நான் விமானம் ஏறியிருக்க மாட்டேன்."

அவளிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது.

"ஆறு பதிலும் வாசிச்சேன். பேராசிரியர் ரெண்டுக்குத் தலையாட்டினாரு. ஏழாவது வாசிக்கறப்ப மழை புடிச்சுக்கிச்சு. யாருக்கும் ஒண்ணும் கேக்கல. நான் நிறுத்தாம வாசிச்சேன். எனக்குக் கேட்டுது, பஹினி."