சுகமென்று சொல்லாத குணவதி அக்கா

"என்னத்தைச் சொல்ல, ஏதோ மூச்சு ஓடுது" என்றபடி குணவதி அக்கா அடுத்த வடையை எடுக்கிறார். காய்ச்சல்கூட அவரை அண்டியதில்லை. லின்ஃபீல்டில் உள்ள இரண்டு மாடி வீடு அவர் வாயில் "ஒதுங்க ஒரு கொட்டில்". மருத்துவம் படிக்கும் மகள் கஜானி, "அது ஏதோ தட்டுத்தடுமாறுது". நன்றாயிருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டு எல்லாம் பாழாகும் என்பது அக்காவின் அசையாக் கொள்கை.

இக்கொள்கை நியூசிலாந்தின் காப்புறுதிச் சட்டத்தோடு மோதியது அக்கா வீட்டு நாய் பிரவுணியின் காலில்.

பிரவுணிக்குக் காப்புறுதி எடுத்த கையோடு, நகம் வெட்ட, பல் துலக்க, தடுப்பூசி போட என்று வெல்னஸ் பிளான் ஒன்றிலும் சேர்த்தார்கள். முதல் பரிசோதனையில் மிருக வைத்தியர், "எவ்வளவு ஆரோக்கியமான நாய்" என்று வியந்துவிட்டார். அக்கா பதறிப்போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அதற்குச் சின்னனிலிருந்தே ஒரு பின்கால் ஏலாது என்றார். வைத்தியர் சிரத்தையாகக் கணினியில் பதிந்துகொண்டார்.

மாசியில், பூனையைத் துரத்தியபோது அதே பின்காலில் சவ்வு அறுந்தது. சத்திரசிகிச்சை இல்லையேல் ஆயுளுக்கும் நொண்டி. முன்பே இருந்த நோய் என்று காப்புறுதிக் கம்பனி கைவிரித்தது. வெல்னஸ் பிளான் மட்டும் பெருந்தன்மையாக நகம் வெட்டித்தர முன்வந்தது, நான்கு காலுக்கும்.

நோயை மறைப்பவர்களுக்கு அரசு சட்டம் வைத்திருக்கிறது. இல்லாத நோயை ஒப்புக்கொள்பவர்களை அது எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் முறைப்பாடு கேட்க ஓர் இடம் இருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. கஜானி அங்கே எழுதிப்போட்டாள்.

நேற்று நான் அக்கா வீட்டுக்குத் தேத்தண்ணிக்குப் போயிருந்தபோதுதான் அங்கிருந்து விசாரணை அதிகாரி தொலைபேசியில் வந்தார். காப்புறுதி எடுத்த அன்று நாய் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"அம்மா, ஜஸ்ட் சே ஹி வாஸ் ஃபைன்" என்று கஜானி கிசுகிசுத்தாள்.

"எடியே, மிச்சக் காலும் போகப்போகுது."

"யூ ஸ்டார்டட் இட்."

அக்கா பிரவுணியைப் பார்த்தார். அது கட்டுப்போட்ட காலை நீட்டி வாலாட்டியது. விறுவிறென்று குசினிக்குள் போனவர், கை நிறைய உப்பும் செத்தல் மிளகாயுமாக வந்தார். நாயின் தலையைச் சுற்றிக்கொண்டே தொலைபேசிக்குக் குனிந்து, "வெரி ஹெல்த்தி" என்றார். "நோ ப்ரொப்ளம் அட் ஓல்."

பிறகு அந்தக் கையைப் பிரவுணியின் வாய்க்கு நேரே நீட்டினார். அதற்குத் துப்பத் தெரியவில்லை. தொலைபேசியை மற்றக் கையால் பொத்திக்கொண்டு, அதன் சார்பில் தானே மூன்று தரம் துப்பினார்.