இடது பக்கம் நின்னவரு

இருவது வருசமா மோட்டாருக்குக் காயில் கட்டறவனுங்க நான். கரண்ட்டுங்கறது கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம்தான், ஆனா டெஸ்டரை வெச்சா லைட்டு எரியும், எரியலீன்னா அங்க ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். பேயி, ஆவி, காத்துக் கருப்புன்னு எவனாச்சும் கடையில உக்காந்து பேசுனா, வேலை இருக்குது போப்பான்னு முடுக்கி உட்டிருக்கேன். எங்கூட்டுக்காரி கோயில்ல மந்திரிச்சுக் கொண்டாந்த கயித்தக்கூட நான் கட்டுனதில்லீங்க. இதை எதுக்குச் சொல்றேன்னா, இப்ப நான் சொல்லப் போறதைக் கேட்டுப்போட்டு, இவன் அந்த மாதிரி ஆளுன்னு நெனச்சுக்குவீங்க.

ஞாயித்துக்கெழம ஆத்துக்கு மீன் புடிக்கப் போலாமான்னு நீங்க சாதாரணமாத்தான் கேட்டீங்க, நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மோட்டாருக்கு அடிச்ச வார்னிஷ் காய இன்னம் ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள சொல்லிப்போடறேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

ஒரு காலத்துல நாங்க போவாத ஞாயித்துக்கெழம இல்லீங்க. நானு, எம் மச்சான் தங்கவேலு, அப்பறம் முருகேசண்ணன். தங்கவேலு எங்கூட்டுக்காரியோட அண்ணன், ரிக் வண்டியில வடக்க போயி போர் போடறவரு, ஊருக்கு வந்துட்டாப் போதும், மொத நாளே தூண்டில் ராடையும் ரீலையும் தொடச்சு வெச்சுருவாரு. முருகேசண்ணன் ஒறம்பரை கெடையாது, ஆனா கூடப் பொறந்தவரு மாதிரி. பரமத்தி வேலூருக்கு அக்கட்ட ஆத்தோரமா வெத்தலைக் கொடிக்கால் வெச்சிருந்தாரு. அவரு சம்சாரத்தை நான் நங்கைன்னுதான் கூப்புடுவேன், அண்ணன் பொண்டாட்டிய நம்ம பக்கம் அப்படித்தான கூப்புடறோம். மூணு ஊட்டுப் பொம்பளைங்களும் பொடுசுகளும் ஒம்போது மணிக்கெல்லாம் ஆத்துக்கு வந்துருவாங்க, மூணு கல்லைக் கூட்டி எண்ணெய்ச் சட்டிய வெச்சு, மொளகாப்பொடி, உப்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் பெசஞ்சு வெச்சுட்டு நாங்க கொண்டாற மீனுக்குக் காத்திருப்பாங்க. பெரிய மீனு புடிச்சவன் மீனு கழுவ வேண்டியதில்ல, அது எங்க சட்டம். பெரும்பாலும் முருகேசண்ணன்தான் கை கழுவிட்டு வாழையெலை முன்னால மொதல்ல உக்காருவாரு. எத்தனையோ ஓட்டல்ல தின்னாச்சு, அந்த ருசி எங்கயும் இல்லீங்க.

நாங்க தேடிப் போறது விராலு. மத்த மீனு மாதிரி புழுவுக்கு வந்து மெதுவாக் கடிக்கறதில்ல அது. ரப்பர் தவளைய வீசித் தண்ணி மேல துள்ள வெச்சா, அடியில இருந்து வெடிச்சு வந்து அடிக்கும். அடிச்சதும் நம்ம கைக்கு ஒரு வெறி வரும், இழுக்கத் தோணும். அங்கதான் முருகேசண்ணன் வருவாரு. யாருக்கு மீனு மாட்டுனாலும் தன்ற ராடைக் கீழ போட்டுட்டு ஓடியாந்து, எடது பக்கம் நின்னு தோள்ல கையப் போட்டுக்குவாரு. "மெதுவா, மெதுவா, அது இழுத்தா நீ உடு, நீயும் இழுத்தா நரம்பு அந்துரும், அதுவா களைச்சுச் சாவட்டும்"னு காதோரமாச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. நரம்புன்னா தூண்டில் கயிறுங்க. அப்படி அவரு சொல்லிச் சொல்லி நான் கரையேத்துன மீனு ஒண்ணு ரெண்டில்ல.

அன்னிக்கும் ஞாயித்துக்கெழமதான். நல்ல வெயிலு, பதனோரு மணி இருக்கும். ஆத்துல தண்ணி கொறச்சலா ஓடுச்சு. நாங்க நின்ன எடத்துக்குக் கெழக்க கோரை அடர்ந்து ஒரு வளைவு, அதுக்கு அக்கட்ட முன்னால மணல் அள்ளுன குழி. முருகேசண்ணன் அந்த வளைவுல நின்னு வீசுனவரு, முள்ளு எதுலயோ மாட்டிக்கிச்சுன்னு சத்தம் போட்டாரு. சட்டையக் கழட்டி கோரை மேல போட்டாரு. "சித்தெ இருங்கடா, எடுத்துட்டு வாரேன்"னு எறங்குனாரு. இதுல ஒண்ணும் புதுசு இல்லீங்க, மாசத்துக்கு நாலு தடவ எறங்குவாரு, ஆத்தோரமே பொறந்து வளந்த ஆளு, மீனே அவருகிட்ட நீச்சல் கத்துக்கணும்னு தங்கவேலு கேலி பண்ணுவாரு. கோரை மறைச்சதுனால எங்களுக்கு அப்பறம் அவரு தெரியல.

ரெண்டு நிமிசம் போயிருக்கும். தங்கவேலு எனக்குச் சோத்துக்கை பக்கம், இருவதடி தள்ளி நின்னாரு. நான் கோரைப் பக்கமா வீசி, தவளை தண்ணியோட கொஞ்சம் போவட்டும்னு உட்டுட்டு இருந்தேன். திடீர்னு அடிச்சுது பாருங்க. அடிச்சுதுன்னுகூடச் சொல்ல முடியாது, யாரோ கையால புடிச்சு அமுக்குன மாதிரி ராடு அப்படியே வளைஞ்சுது. ரீலு கிர்ருனு கத்துது. "மாட்டிக்கிச்சு மச்சான், பெருசு!"ன்னு கத்துனேன். என்ற வாழ்க்கையில அந்த மாதிரி கனம் கண்டதில்ல. ராடைத் தூக்கி இழுக்கப் போனேன்.

அப்பத்தான் எடது தோள்ல கை வந்து உழுந்துச்சு. ஈரக்கை. ஆத்துத்தண்ணி சில்லுனு சட்டைக்குள்ள எறங்குச்சு. "மெதுவா"ன்னாரு. "இழுக்காத. உடு."

நான் திரும்பிப் பாக்கலீங்க. எதுக்குப் பாக்கணும், அவரு கொரலு எனக்குத் தெரியாதா, முள்ளை எடுத்துட்டு வந்துட்டாருன்னு நெனச்சேன். கண்ணைத் தண்ணியில இருந்து எடுக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே அவருதான். குனிஞ்சு ரீலைப் பாக்கறப்ப அவரு காலு ரெண்டும் தெரிஞ்சுது, வெறுங்காலு, வெரலிடுக்குல ஈர மணலு. அதைப் பாத்தேன். இன்னிக்குச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

அது இழுத்துச்சு, நான் உட்டேன். நிறுத்துச்சு, கொஞ்சம் சுத்துனேன். மறுபடி இழுத்துச்சு, "உடு உடு, அவசரமில்ல"ன்னாரு, உட்டேன். அஞ்சு நிமிசம் இருக்குமுங்க. நடுவுல அந்த மீனு ஒரு மாதிரி இழுத்துச்சு. மூணு தடவ வெடுக்கு வெடுக்குனு இழுக்கும், சும்மா இருக்கும், மறுபடி மூணு தடவ. எந்த விராலும் அப்படி இழுத்து நான் பாத்ததில்ல. "அண்ணா, இது என்கூட பேசுதுங்கண்ணா"ன்னு சொல்லிச் சிரிச்சேன். பக்கத்துல அவரும் சிரிச்சாரு.

அப்பறம் கனம் மட்டும் இருந்துச்சு, இழுப்பு இல்ல. "களைச்சுப் போச்சு, இப்ப இழு"ன்னாரு. தோள்ல இருந்து கைய எடுத்துட்டாரு.

எஞ் சத்தத்தைக் கேட்டுப் பொம்பளைங்க எல்லாரும் கரைக்கு எறங்கி வந்துட்டாங்க. நங்கைதான் முன்னால, மீனைப் போடறதுக்குக் கையில அலுமினியக் குண்டா. "என்ன தம்பி, இன்னிக்கு எங்க ஊட்டுக்காரரை முந்திக்கிட்டயா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. "எங்க அவரு?"ன்னாங்க. நான் ரீலைச் சுத்திக்கிட்டே, "இங்கதான், எம் பக்கத்துல நிக்கறாரு"ன்னேன்.

"யாரு? ஒருத்தரையுங் காணமே"ன்னாங்க நங்கை.

நான் திரும்பறதுக்கும் தண்ணிக்கு மேல அது வாரதுக்கும் சரியா இருந்துச்சு. மொதல்ல வெரலு. அப்பறம் முழுக் கையி. மணிக்கட்டுல ஒரு செவப்புக் கயிறு. எனக்கு அது என்னன்னே புரியலீங்க, கண்ணு மீனைத்தான் தேடுச்சு. நங்கைக்கு ஒடனே புரிஞ்சு போச்சு, அந்தக் கயித்த அவரு கையில கட்டி உட்டதே அவங்கதான். குண்டாவைக் கீழ போடக்கூட இல்ல, அதைக் கையில புடிச்சுக்கிட்டே இடுப்பளவு தண்ணிக்குள்ள நடந்து போனாங்க. மேல அடுப்புல எண்ணெய் காஞ்சுகிட்டு இருக்குது, அவரு புள்ளை, ஆறாவது படிக்கறவ, "அம்மா, எவ்ளோ பெருசும்மா?"ன்னு கரை மேல நின்னு கத்திக்கிட்டு இருக்கா.

தங்கவேலும் நானும் தூக்கிக் கரையில போட்டோம். வயித்தை அமுக்குனோம், வாயில ஊதுனோம், எல்லாம் பண்ணுனோம். கால்ல பழைய வலை ஒண்ணு சுத்தியிருந்துச்சு, எவனோ அறுத்துப் போட்ட வலை, குழியோட ஓரத்துல கெடந்திருக்கும். அந்தக் காலைப் புடிச்சு வெச்சிருந்தது அதுதான். என்ற முள்ளு அவரு மேல எங்கயும் ஏறல. நரம்பை அவரே உள்ளங்கையில மூணு சுத்து சுத்திப் புடிச்சிருந்தாரு. ஆசுபத்திரியில பொணத்தை எடுத்துட்டுப் போனவரு அந்தக் கையைப் பெரட்டிப் பாத்துட்டு, உசுரோட இருக்கறப்ப அறுத்த காயம்ப்பா இது, கயித்த வெச்சிருந்தவன் இழுத்திருந்தா வந்திருப்பாருன்னு, நான் யாருன்னு தெரியாம எங்கிட்டயே சொன்னாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கங்க. நான் ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்கல. அந்தக் கொரலைப் பத்திச் சொன்னா, கொன்னுட்டுக் கதை கட்டறான்னு சொல்லுவாங்க. சொல்லாமயே சொன்னாங்க. ஆளைத் தூண்டில்ல ஆட்டங்காட்டிச் சாவடிச்சவன்னு கறிக்கடையில என்ற காதுபடவே ஒருத்தன் சொன்னான். எனக்குள்ள ஒரு சமாதானம் வெச்சிருந்தேன், வருசக்கணக்கா அவரு சொல்லிச் சொல்லி அந்தக் கொரலு மண்டையில பதிஞ்சு போச்சு, மீனு மாட்டுனதும் அதுவா கேட்டிருக்குது, காலு தெரிஞ்சது வெயில்ல கண்ணு கூசுனதுன்னு. நீங்களும் இப்ப அதைத்தான நெனைக்கறீங்க? நானும் அப்படித்தான் நெனச்சுத் தூங்குனேன்.

வருசம் திரும்புனப்ப நங்கை ஊட்டுல அண்ணனுக்குச் சாமி கும்புட்டாங்க. போயிட்டுத் திரும்பி வாரப்ப, தங்கவேலு புதுச்சத்திரம் தாண்டி வண்டிய ஓரங்கட்டி நிறுத்திப்போட்டு, ஸ்டேரிங்கைப் புடிச்சுக்கிட்டே, "மாப்ள, உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும், ஒரு வருசமா நெஞ்சுல கெடக்குது"ன்னாரு. "முருகேசண்ணன் உம் பக்கத்துல நின்னு அந்தக் கத்து கத்துனாரே, நீ ஏன் கேக்கல?"

அவருக்கும் கேட்டிருக்குது. "என்னன்னு கத்துனாரு மச்சான்?"ன்னு கேட்டேன்.

"இழுடா சேகரு, சீக்கிரம் இழுடா, என்னால முடியலடான்னு. மீனைப் பாத்துட்டு வெறியில கத்தறாருன்னு நான் நெனச்சேன். நீ என்னடான்னா சிரிச்சுக்கிட்டே நரம்பை உட்டுக்கிட்டு இருந்த. அவரு முள்ளெடுத்துட்டு வந்துட்டாருன்னுதான நானும் தேடிப் போகல? நான் மட்டும் போயிருந்தா..."

ஸ்டேரிங்குல தலையச் சாச்சு அழுதாரு. நான் என்ன கேட்டேன்னு அவருகிட்டச் சொல்லலீங்க. எப்படிச் சொல்றது? ஒரே ஆளு, ஒரே எடம், ஒரே நேரம், அவருக்கு இழுன்னு கேட்டிருக்குது, எனக்கு உடுன்னு கேட்டிருக்குது. அதுக்கப்பறம் தங்கவேலு வடக்க போனவரு, ஊருக்கு வந்தாலும் எங்கூட்டுக்கு வாரதில்ல.

போன தை மாசம் நங்கை கடைக்கு வந்தாங்க. கொடிக்கால் மோட்டாரு எரிஞ்சு போச்சுன்னு கொண்டாந்திருந்தாங்க. நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூல்ல உக்காந்து, நான் ஒயரைப் பிரிக்கறதையே பாத்துட்டு இருந்தவங்க, "தங்கவேலு எங்கிட்ட எல்லாஞ் சொல்லிட்டாரு. இப்ப நீ சொல்லு தம்பி. எங்க ஊட்டுக்காரரு உன்கிட்ட என்ன சொன்னாரு?"ன்னு கேட்டாங்க.

அவருதான் உடச் சொன்னாருன்னு சொல்லலாமுங்க. சொன்னா, அந்தப் பொம்பள அப்பறம் ராத்திரி பகலா என்னத்த நெனச்சுக்கிட்டுக் கெடப்பாங்க? தானே சாவணும்னு நின்னாரா, இல்ல அவரு கொரல்ல வேற எதாச்சும் வந்து நின்னுச்சான்னு. அதுக்கு என்னையே திட்டிட்டுப் போவட்டும்னு நெனச்சு, "இழுக்கத்தான் சொன்னாருங்க நங்கை"ன்னேன்.

"அப்பறம் நீ ஏன் தம்பி உட்ட?"ன்னாங்க.

கத்தல, அழுவல. நான் குனிஞ்சு மறுபடி ஒயரைப் பிரிக்க ஆரம்பிச்சேன். அவங்க எந்திரிச்சு, பிரிச்ச மோட்டாரை அப்படியே எடுத்து வண்டியில வெக்கச் சொல்லிக் கொண்டு போயிட்டாங்க.

அதுகூடப் போவட்டுமுங்க. பொய்யின்னு தெரிஞ்சுதான் சொன்னேன், அந்த நேரத்துல எனக்கு அது பொய்யின்னு நல்லாத் தெரியும். ஆனா அன்னிக்கு வாயால சொன்னதுல இருந்து, அந்த அஞ்சு நிமிசத்தை நெனச்சுப் பாக்கறப்பெல்லாம், காதோரமா ரெண்டுமே கேக்குது. உடுன்னும் கேக்குது, இழுடா சேகருன்னும் கேக்குது. ரெண்டும் அவரு கொரலுதான். அன்னிக்கு நெசமா நான் கேட்டது எதுன்னு இப்ப என்னைக் கேட்டீங்கன்னா, எனக்கே தெரியலீங்க.