ஆத்தாயி வாசலில் நின்ற வண்டி

சங்ககிரி ராசப்பனுக்குத் தூக்கம் ஒரு வரம். பாரம் ஏற்றிய வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு குழி பண்ணிக்கொண்டு தலையைச் சாய்த்தால் போதும்; வண்டி ஆட ஆட அவனும் ஆடிக்கொண்டே எங்கேயோ போய்விடுவான். முழுத்தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த இடைப்பட்ட இடத்தில் பனைமரங்கள் கூடவே நடந்து வரும். சங்ககிரி மலை எழுந்து சேலம் வரைக்கும் துணைக்கு வரும். செத்துப்போன அம்மா சாலையோரத்தில் நின்று, சாப்பிட்டாயா சாமி என்று கேட்பாள். மற்ற வண்டிக்காரர்கள் அவனைத் தூங்குமூஞ்சி என்பார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை. பாதையை மாடுகள் பார்த்துக்கொள்ளும்போது மனிதனும் எதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் கட்சி.

மாடுகள் இரண்டு. இடப்பக்கம் மயிலை, வலப்பக்கம் செவலை. வாரத்துக்கு இரண்டு நடை நிலக்கடலை ஏற்றிக்கொண்டு வந்து சேலத்து மண்டியில் இறக்கிவிட்டு, மூவரும் வெறும் வண்டியோடு ஊர் திரும்புவார்கள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் காய்ச்சலில் பெண்டாட்டி போனாள். பிள்ளை இல்லை. அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. அதற்குப் பிறகு வீடு என்பது துணி மாற்றிக்கொள்ளும் இடமாகிவிட்டது. சேலத்து வழியிலிருந்த மகுடஞ்சாவடியும் கொண்டலாம்பட்டியும்தான் அவனுக்கு அறையும் கூடமுமாக இருந்தன.

மண்டித் தெருவின் மேற்குக் கோடியில், நெசவாளர்கள் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டும் பாவடித் திடலுக்குப் பக்கத்தில் ஆத்தாயியின் வீடு. கணவன் இறந்தபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அப்புறம் பெற்றவர்களும் போய்விட்டார்கள்; மகுடஞ்சாவடியில் ஒரு அண்ணன் மட்டும் உண்டு. பாவுக்குப் போடுகிற கஞ்சியைக் காய்ச்சிக் கொடுப்பதுதான் பிழைப்பு. விடிந்ததிலிருந்து அடுப்பு எரியும். உலைப்பானைகளின் ஆவி வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து, வெயில் ஏறுகிற வரைக்கும் போக மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் காலையில், இருட்டோடு வந்து சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மாடுகள் அந்த வாசனையை மோந்துவிட்டு, தாமாகவே நின்றுவிட்டன. வண்டி நின்றதும் ராசப்பன் கண்ணைத் திறந்தான். சுற்றிலும் வெள்ளை. தெருவும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. செத்துத்தான் போய்விட்டோமோ என்று ஒரு கணம் நினைத்தான். அந்த வெள்ளைக்குள்ளிருந்து இடுப்பில் பானையோடு ஒருத்தி வெளியே வந்தாள்.

"மாட்டுக்குக் கஞ்சித்தண்ணி காட்டட்டுங்களா?"

"காட்டுங்க."

அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நடைக்கு வாசலில் ஒரு மரத்தொட்டி வந்திருந்தது. மிச்சக் கஞ்சியைத் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் ஊற்றி வைப்பாள். மாடுகள் குடிக்கும், இவன் வண்டியில் உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்ப்பான், அவள் இந்தப் பக்கம் பார்ப்பாள். ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்துக்குக் காணாது. இத்தனைக்கும் இரண்டு வீட்டு வழக்கத்திலும் தாலியறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது உண்டு. ஊரில் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. குறுக்கே நின்றது ராசப்பனின் வாய் ஒன்றுதான். அது திறக்கவே திறக்காது. யாராவது கேலி செய்தால், "நானெங்க நிறுத்தறேன், மாடு நிக்குது" என்பான். அதை அவனே நம்பவும் செய்தான்.

ஆனால் வண்டித் தூக்கத்தில் இப்போது பனைமரங்கள் நடப்பதில்லை. சங்ககிரியில் அவன் வீட்டு முற்றம் முழுக்க வெள்ளை ஆவி நிறைந்திருக்கும். அதற்குள் வளையல் சத்தம் மட்டும் கேட்கும். எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று காலைத் தூக்கும்போது சக்கரம் ஏதாவது கல்லில் ஏறி எழுப்பிவிடும்.

முப்பத்தாறாம் வருஷம் வாக்கில் தெருவில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியது. வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றால் பஸ் எங்கே போகும்? நகரசபை புது விதி போட்டுத் தமுக்கடித்துச் சொன்னது. சரக்கு ஏற்றுகிற, இறக்குகிற நேரம் தவிர எந்த வண்டியும் தெருவில் நிற்கக் கூடாது. சும்மா நிற்கிற வண்டிகள் ஊருக்கு வெளியே வண்டிப்பேட்டைக்குப் போய்விட வேண்டும். இனிமேல் மண்டி கட்டுகிறவர்கள், வண்டி உள்ளே போய்ச் சரக்கை இறக்கித் திரும்புகிற அளவுக்கு முற்றம் விட்டுத்தான் கட்ட வேண்டும். மீறினால் அபராதம். மூன்றாம் தடவை மாட்டினால் வண்டியில் அடித்த நம்பர் தகரத்தைப் பிடுங்கிவிடுவார்கள். தகரம் இல்லாத வண்டி ஊருக்குள் நுழைய முடியாது. சும்மா சொல்லக் கூடாது, நியாயமான விதிதான். ஒரே ஒரு குறை, அந்தத் தமுக்கு மயிலைக்கும் செவலைக்கும் புரியவில்லை.

வழக்கம்போல் கஞ்சி வாசனைக்கு நின்றன. நகரசபைப் பியூன் சின்னுசாமி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ரொம்பக் கறாரான மனிதர். தன் மாமனார் வண்டிக்கே அபராதம் எழுதியவர் என்று பேர்.

"ஏத்தறதா, எறக்கறதா?" என்று கேட்டார்.

"ரண்டும் இல்லீங்க. மாடு நின்னுபோச்சுங்க."

"மாட்டு பேர்ல எழுத முடியாதப்பா" என்று ராசப்பன் பேரில் எழுதினார்.

அடுத்த நடைக்கும் அதே கதை. "இது ரண்டாவது, பாத்துக்க. இன்னொருக்கா நின்னா தகரம் என் கைக்கு வந்துரும்" என்றார் சின்னுசாமி. ராசப்பன் இறங்கிப் போய்த் தகரத்தைத் தொட்டுப் பார்த்தான். நிலமும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. சங்ககிரிக்குப் போக வேறு தெருவும் இல்லை. வண்டி ஓடாவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

பியூன் போனதும் ஆத்தாயி படியிறங்கி வந்தாள். ஆறு வருஷத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அது.

"அடுத்த நடைக்குத் தொட்டிய உள்ள எடுத்துப் போட்டர்றேனுங்க. அடுப்பும் பத்த வெக்கலீங்க அன்னிக்கு. வாசன இல்லாட்டி மாடு நிக்காமப் போயிரும். எங்கொசரம் உங்க பொழப்புக் கெட வேண்டாம்."

அவன் என்னென்னவோ சொல்ல நினைத்தான். "செரீங்க" என்றான்.

ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் அவன் கண் மூடவில்லை. வெயில் உச்சிக்கு வந்து இறங்கியது. கொண்டலாம்பட்டி தாண்டியது, மகுடஞ்சாவடி தாண்டியது. எல்லாம் யாரோ கழுவி விட்டதுபோல் வெறிச்சென்று கிடந்தன. வாரத்துக்கு ஏழு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தானே, இத்தனை வருஷம் தனக்கு இருந்தது இரண்டே நாள்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வழியெல்லாம் அழுதான் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது நடை. மண்டியில் மூட்டை இறக்கியாகிவிட்டது. வெறும் வண்டி மேற்கே திரும்பியது. ராசப்பன் மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வாழ்நாளில் அப்படி விழித்திருந்ததில்லை. சொன்னபடி ஆத்தாயி அடுப்பு மூட்டவில்லை. ஆவி இல்லாத அந்தத் தெரு யாரோ தெரியாதவர்களின் தெருவாக இருந்தது. தொட்டி இருந்த இடத்தில் ஈரத்தடம் மட்டும். அவள் வாசல்நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். மயிலை மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. செவலையும் மோந்தது. ஒன்றும் இல்லையென்று இரண்டும் நடந்தன. வாசல் வந்தது. வாசல் போயிற்று. பத்தடி, பதினைந்தடி.

வண்டி நின்றது.

ராசப்பன் குனிந்து தன் கையைப் பார்த்தான். கயிறு இழுபட்டு விறைத்திருந்தது. மாடுகள் இரண்டும் கழுத்தைத் திருப்பி, இங்கே என்ன இருக்கிறது என்பதுபோல் அவனைப் பார்த்தன.

எதிர்க்கடை நிழலிலிருந்து சின்னுசாமி எழுந்து வந்தார். "ஏப்பா, இப்பவும் மாடு நின்னுபோச்சா?"

"இல்லீங்க" என்றான் ராசப்பன். குரல் தெரு முழுக்கக் கேட்டது. "மாடு நிக்கல. நாந்தான் நிறுத்துனேன். இத்தன நாளும் நாந்தான்."

சின்னுசாமி நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆனாலும் விதி விதிதான். பையிலிருந்து ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு தகரத்தின் பக்கம் போனவர், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "ஏத்தறதா, எறக்கறதா?"

ராசப்பன் வாசல் பக்கம் திரும்பினான். ஆத்தாயி அங்கே இல்லை, உள்ளே போய்விட்டிருந்தாள். பிழைப்பும் போயிற்று, அதுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

குறடு முதல் ஆணியைக் கவ்வியது.

"கொஞ்சம் பொறுங்க" என்று குரல் கேட்டது. ஆத்தாயி தலையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்துகொண்டிருந்தாள். பெட்டிக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டியிருந்தது. அவசரத்தில் கட்டிய கட்டு அல்ல. நேற்றோ முந்தாநாளோ நிதானமாகக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்தது. வண்டியின் பின்பக்கம் வந்து பெட்டியை உள்ளே தள்ளினாள்.

"ஏத்தறதுங்க" என்றாள் சின்னுசாமியிடம்.

பிறகு ராசப்பனைப் பார்த்தாள். நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தொட்டி இல்லாட்டியும் நிப்பீங்களான்னு பாத்தனுங்க. மகுடஞ்சாவடியில எங்கண்ணன் ஊடு இருக்குது. என்னிய அங்க எறக்கி உட்டுட்டு, மொறையா வந்து கேளுங்க. பொட்டிய மட்டும் கொண்டு போங்க. உங்க ஊட்டுல எடமிருக்குங்களா?"

"இருக்குதுங்க" என்றான் ராசப்பன். "நெறைய இருக்குதுங்க."

பின்னால் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. சின்னுசாமி குறட்டைப் பைக்குள் போட்டார். நோட்டைப் பிரித்தார், எதுவும் எழுதாமல் மூடினார்.

"ஏத்தறதுன்னா வெரசா ஏத்துங்க" என்றார். "பஸ்ஸு காத்துட்டு நிக்குது."

ராசப்பன் கையை நீட்டினான்.