பியர்க் குழாயும் என் மூக்கும்

பியரில் பட்டர் மணக்கிறது என்று நண்பன் சொன்னபோது நான் இரண்டாவது கிளாஸின் பாதியைத் தாண்டியிருந்தேன்.

சுவிஸில், இன்டர்லாக்கனில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்ப் பகுதி அது. வீட்டுக்கு ஒன்று என்று மரச்சட்டம் அடித்துப் பிரித்த கூடுகள். மற்றவர்கள் பனிச்சறுக்கு மட்டைகளும் சூட்கேஸ்களும் அடுக்கி வைக்கும் இடத்தில் நான் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்தேன். கதவில் துளை போட்டு, பியரைத் திறந்து மூட ஒரு பைப் பூட்டியிருந்தேன். உள்ளே நானே காய்ச்சிய பியர் ஓர் எஃகுப் பீப்பாயில். பீப்பாயிலிருந்து பைப்புக்கு வருவது சின்னிவிரலிலும் மெல்லிய ஒரு பிளாஸ்டிக் குழாய். எனக்கும் நண்பனுக்கும் லீவு ஒன்றாக விழும் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அங்கே இருப்போம்.

"பட்டர் மணக்குது மச்சான். பொப்கோர்ன் மாதிரி. உனக்குத் தெரியேல்லையோ?"

தெரியவில்லை. எனக்கு எதுவுமே தெரியவில்லை. கொரோனாவின் இரண்டாவது குளிர்காலத்தில் ஒன்பது நாள் படுத்து எழும்பியபோது மணம் போயிருந்தது. நாக்கு உப்பைச் சொல்லும், புளிப்பைச் சொல்லும், கசப்பைச் சொல்லும். அதற்கு அப்பால் ஒரு வெள்ளைச் சுவர். கோப்பி கசக்கிற சுடுதண்ணீர். மனைவி வதக்கும் வெங்காயம் வெறும் சத்தம். இப்படியே எட்டு மாதம்.

மனைவிக்கு மட்டும் தெரியும். நண்பனிடம் சொல்ல முடியாது. அவன் என்னுடைய அதே ஹோட்டலில் மேசைகளுக்குப் பரிமாறுகிறவன். நான் அங்கே சோஸ் அடுப்பில் நிற்கிறவன். சட்டி கழுவவென்று பின்கதவால் உள்ளே போய், கிழங்கு உரித்து, மீன் செதில் சுரண்டி, பதினெட்டு வருடத்தில் அந்த அடுப்புக்கு முன்னால் வந்து நின்றேன். மணம் தெரியாதவனை அங்கே யார் விட்டு வைப்பார்கள்? நண்பன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் காதில் போட்டது தட்டில் போட்டது மாதிரி. எப்படியும் மேசைக்குப் போய்விடும்.

ஆகவே சொன்னேன், "தெரியும். போன கிழமையே பிடிச்சிட்டன். குழாய்க்குள்ள ஊத்தை. கழுவிறதுக்கு ஒரு சாமான் செய்துகொண்டிருக்கிறன்."

அந்த நிமிடம் வரை அப்படி ஒரு சாமானை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. எங்கே என்று கேட்டான். முடிந்ததும் காட்டுகிறேன் என்றேன். கிளாஸில் மிஞ்சியதை அவன் தரையில் தண்ணீர் போகும் துவாரத்துக்குள் ஊற்றினான். நான் என்னுடையதைக் குடித்து முடித்தேன். ஊற்றினால் தோற்றுவிடுவேன் போல இருந்தது.

*

ஹோட்டல் வேலையில் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே மூன்று மணிநேரம் விடுவார்கள். சிம்மர்ஸ்டுண்ட என்று பெயர். அறைக்குப் போய்ப் படு என்று அர்த்தம். மற்றவர்கள் படுப்பார்கள். மூக்குப் போனதிலிருந்து என்னால் படுக்க முடியவில்லை. கண்ணை மூடினால் அடுப்பில் எதையோ எரியவிட்டு வந்த பதைப்பு. திரும்ப ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பு குளிர்ந்து கிடக்கும். இப்போது அந்த மூன்று மணிநேரத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. நடந்தேன். கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு, வாங்கியது பொருந்தாமல் திரும்பக் கடைக்கு. நடுவிலுள்ள பெரிய புல்வெளியில் வானத்திலிருந்து ஆட்கள் பரசூட்டோடு காலை உதறிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ரப்பர் வளையத்தின் விட்டத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு அவர்களைக் கடந்தேன்.

ஹோட்டலின் பியர்க் குழாய்களைக் கழுவ ஒருவர் பெட்டியளவு இயந்திரத்தோடு வருவார். அதைப் பலமுறை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன். சோடாக் காரம் கரைத்த தண்ணீரை அழுத்தத்தோடு உள்ளே விட வேண்டும், கொஞ்ச நேரம் ஊற வேண்டும், பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும், அவ்வளவுதான். நான் வாங்கியது தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ஐந்து லீற்றர்க் கைப்பம்ப். விசிறும் மூக்கை வெட்டி எறிந்தேன். அந்த இடத்தில் ஒரு முழக் குழாய். குழாயின் மறுமுனையில் பியர் பைப்பின் கழுத்தில் திருகக்கூடிய பித்தளைத் துண்டு. எழுத ஒரு வரி. செய்ய மூன்று வாரம். பியர்க்காரரின் திருகுப்புரியும் தண்ணீர்க்குழாய்க்காரரின் திருகுப்புரியும் ஒன்றோடொன்று சேராது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. எதற்கு இத்தனை பித்தளை என்று கடைக்காரர் கேட்டார். ரோசாவுக்கு என்றேன். எங்கள் பல்கனியில் இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகள்தான் நிற்கின்றன.

பொய் சொல்லப் பழகிவிட்டால் கையும் நாக்கைப் போல வேகமாக ஓடும். அடுப்பிலும் அப்படித்தான். மணத்துக்குப் பதிலாகத் தராசு, மணிக்கூடு, நிறம். வைன் எவ்வளவு வற்றியது என்பதைச் சட்டியின் உட்சுவரில் விட்டுப்போன வளையத்தைக் கொண்டு அளந்தேன். பட்டர் பழுப்பாகும்போது நுரையின் சத்தம் அடங்கும். அந்த அடங்கலுக்குக் காது கொடுத்தேன். திரும்பி வரும் தட்டுகளை எட்டிப் பார்த்தேன். பாணால் துடைத்த தட்டு என்றால் ஒரு மூச்சு. சோஸ் மிஞ்சிய தட்டு என்றால் அடுத்த சட்டியை இருமுறை அளந்தேன்.

*

எங்கள் கட்டடத்தில் சலவை அறை பொது. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எங்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு வியாழன். அந்த ஒரு நாளுக்குள் மனைவி நான்கு மெஷின் உடுப்பு போட வேண்டும். அதில் ஒரு மணிநேரம், பெரிய தொட்டியோடு, எனக்கு வேண்டும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சம்மதமும் இருந்தது.

முதல் வியாழன், கழற்றிக் கொண்டுவந்த பியர்க் குழாயையும் பைப்பையும் பம்போடு பூட்டி அழுத்தினேன். குழாய் பித்தளையைவிட்டுத் துள்ளிப் பாம்பு மாதிரிச் சுழன்று, காரத் தண்ணீரை அவள் மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்புகளுக்கு மேல் அடித்தது.  விரிப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மெஷினுக்குள் போட்டாள்.

"இஞ்சேரப்பா, இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு உங்கட நண்பனிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

சொன்னால் அடுப்புப் போய்விடும் என்றேன். போனால் என்ன என்று அவள் கேட்கவில்லை. பதினெட்டு வருடத்தையும் என்னோடு இருந்து பார்த்தவள் அவள்.

இரண்டாவது வியாழன் இரட்டைக் கிளிப் போட்டு இறுக்கினேன். நின்றது. காரத் தண்ணீர் குழாய்க்குள் ஏறிப் பைப்பால் வெளியே வந்தது. கூடவே வெள்ளை வெள்ளையாக ஏதோ வந்தது, இளநீருக்குள் கிடக்கும் இளந்தோல் மாதிரி. தொட்டியின் அடியில் படிந்ததை விரலால் தொட்டேன். வழுவழுப்பு. எத்தனை மாதமாகச் சேர்ந்த ஊத்தையோ. எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற ஊத்தை! பத்து மாதத்தில் முதல்முறையாக மூக்கைக் கேட்காமல் ஓர் உண்மை தெரிந்தது. அலசிய தண்ணீரில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க நிறம் மாறும் தாள் வாங்கி வைத்திருந்தேன். முதல் அலசலில் நீலம். மூன்றாவதில் பச்சை. ஐந்தாவதில் எங்கள் பைப் தண்ணீரின் அதே நிறம். அந்தத் தாள் துண்டை மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நல்லது, மூன்றாவது மெஷின் உடுப்பை எடுத்து உதறித் தாங்கோ என்றாள்.

திங்கட்கிழமை சிம்மர்ஸ்டுண்டவில் வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். மனைவி முதியோர் இல்லத்தில் பகல் வேலையில் இருந்தாள். காரம் பட்ட ரப்பர் வளையங்கள் காய்ந்து இறுகியிருந்தன. பைப்பின் பிடி திரும்ப மாட்டேன் என்றது, பம்பின் தண்டு கிரீச்சிட்டது. என் கை சமையலறைக்குப் போய் அடுப்போரத்து நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்தது. கைதான் எடுத்தது, நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் இடியப்ப உரலுக்குப் பூசுவது அது, இறுகிய பூட்டுக்கு விடுவது அது. ஒவ்வொரு வளையத்துக்கும் தாராளமாகப் பூசினேன். பம்பின் தண்டுக்கும் பூசினேன். பிடி பட்டாகத் திரும்பியது. கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரைப் பம்பால் உள்ளே அடித்துவிட்டு, பியரை இணைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

*

செவ்வாய்க்கிழமை நண்பன் வந்தான். சாமானைக் காட்டினேன். தூக்கிப் பார்த்தான், அழுத்திப் பார்த்தான், ரோசாவுக்கு அடிக்கிறதைக் கொண்டுவந்து பியருக்கு அடிக்கிறாயே என்றான். உண்மையில் மெச்சினான். ஊற்றிக் கொடுத்தேன்.

நுரை நிற்கவில்லை. எழும்பி, ஓரங்களில் கண் கண்ணாக உடைந்து, ஒரு நிமிடத்துக்குள் பியர் தேத்தண்ணீர் மாதிரித் தட்டையாகக் கிடந்தது. காற்றழுத்தம் போதாது என்று நான் பீப்பாயோடு பூட்டிய காஸ் உருளையின் திருகைப் பிடித்தேன். நண்பன் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோய் நிறுத்தினான்.

"மச்சான், இது பியரோ, சனிக்கிழமை முழுக்கோ?"

சிரித்தேன். என்ன சொல்கிறான் என்று விளங்காமலே சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கிளாஸை என் மூக்குக்குக் கீழே பிடித்தான்.

"மணந்து பார்."

மணந்தேன். வெள்ளைச் சுவர். கொஞ்சம் பட்டர் இன்னும் நிற்கிறது, அடுத்தமுறை போய்விடும் என்றேன்.

அவன் கிளாஸைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் மெதுவாக வைத்தான்.

"நல்லெண்ணெய் மணக்குது. இந்த அறை முழுக்க மணக்குது. படியில இறங்கேக்கையே மணந்தது." பிறகு குரலை இறக்கி, "எப்ப இருந்து?"

உருளையின் திருகை மூடினேன், திறந்தேன், மூடினேன். தை மாதத்திலிருந்து என்றேன். "அப்ப நான் தூக்கிக்கொண்டு போன தட்டு எல்லாம்..." என்று தொடங்கியவன் பாதியில் விட்டான். யாருக்கும் சொல்லாதே என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அவன் சத்தியம் பண்ணுவான், பண்ணிவிட்டு அதையும் தூக்கிக்கொண்டு திரிவான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதே ஹோட்டல்தான் சோறு.

"நான் சொல்லமாட்டன்," என்றான் கடைசியில். "நீ சொல்லு. நாளைக்கே சொல்லு."

அன்று பிற்பகல் முழுக்க இருவருமாக அந்தக் குழாயைக் கழுவினோம். எண்ணெய் பட்ட இடத்தில் நுரை செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? சட்டியில் முட்டை வெள்ளையை நுரைக்க அடிக்கிறவன் நான். வளையங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியவை போட்டோம், எண்ணெய் இல்லாமல், வெறும் தண்ணீரில் நனைத்து. காரத்தை இருமுறை விட்டோம். ஒவ்வொரு அலசலுக்கும் நான் தாளைப் பார்த்தேன், அவன் தண்ணீரை மணந்தான். தாள் சரி என்ற பிறகும் அவன் இரண்டுமுறை தலையாட்டினான், இல்லை, இன்னும் இருக்குது என்று. எனக்கு அவன் மூக்கின் மேல் பொறாமையாக இருந்தது. எரிச்சலாக, பசியாக இருந்தது.

*

புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் செஃபினிடம் போனேன். எங்கள் சமையலறையின் தலைவி, பேர்ண் பக்கத்துப் பெண், அளந்து பேசுகிறவர். மற்றவர்கள் படுக்கப் போயிருந்தார்கள். இரவு சாமத்தில் மனதுக்குள் கட்டி வைத்திருந்த ஜெர்மன் வசனங்கள் எல்லாம் சிதறிப்போயின. மணம் இல்லை, தை மாதத்திலிருந்து, என்று மட்டும் சொன்னேன். பிறகு வேகவேகமாகத் தராசைச் சொன்னேன், மணிக்கூட்டைச் சொன்னேன், ஒரு சோஸும் பிழை என்று திரும்பி வரவில்லை என்று சொன்னேன்.

அவர் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார்.

"சோஸ் கிடக்கட்டும். மீன் கெட்டுப்போயிருந்தால்?"

 பத்து மாதமாக என் இடத்தை மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தேன். கிறீமை, மீனை, எலும்புச் சாற்றைத் திறந்து திறந்து ஊற்றியிருக்கிறேன், திகதியைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து. யாரோ ஒருவரின் பிள்ளை அதைச் சாப்பிட்டிருக்கும் என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதது என் கெட்டித்தனம் இல்லை.

 அவர் சொன்னார்: இரவுக்கு நீ வர வேண்டாம், நான் யோசிக்க வேண்டும். வீட்டுக்கு நடந்தேன். ஆறு கலங்கிப் பச்சையாக ஓடியது. பாலத்தில் நின்று பார்க்க முடியாமல் மறுகரைக்குப் போனேன், போய்விட்டுத் திரும்ப இந்தக் கரைக்கு வந்தேன். மனைவி சோறு போட்டாள்.

காலையில் வேலைப் பட்டியலில் சோஸ் அடுப்புக்கு நேரே என் பெயர்தான் இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. மீனோ கிறீமோ சாறோ, நான் எதைத் திறந்தாலும் சட்டியில் விடுவதற்கு முன்னால் இன்னொரு மூக்கைக் கூப்பிட வேண்டும். மெல்லத் தோளில் தட்டிக் கூப்பிடக் கூடாது. எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். யாரும் மறந்துபோகாமல் இருக்க அது ஒன்றே வழி என்றார் செஃபின்.

பத்துமணிக்குக் கிறீம் பெட்டியைத் திறந்தேன். எட்டுப் பேர், எட்டுக் கத்தி, வெட்டுப் பலகைகளின் தடதடப்பு.  பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். சட்டியில் வெங்காயம் நிறம் மாறத் தொடங்கியது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கருகிவிடும்.

"மணந்து பாருங்கோ!" என்று கத்தினேன், தமிழில்.

கத்திகள் நின்றன. யாருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. பிறகு ஜெர்மனில் சொன்னேன், அதே சத்தத்தில். செஃபின்தான் வந்தார். பெட்டிக்கு மேல் குனிந்தார், ஒரு மூச்சு இழுத்தார், "நல்லது" என்றார், போனார். கத்திகள் திரும்பத் தொடங்கின. நான் கிறீமை ஊற்றினேன்.