சைலன்சரில் சிக்கிய நட்டு

“...அதுக்கு மேல ஒரு இழுப்பு இழுத்திருந்தீங்கன்னா ஸ்டட் ஒடஞ்சி இஞ்சின்லயே நின்னுருக்கும் சார். ஸ்பேனர கீழ வைங்க.”

மெக்கானிக் டில்லி சொன்னதும் வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு, எங்கள் வீட்டு வாசல். ஸ்கூட்டர் சைலன்சரில் ஓட்டை. கிளப்பினால் தெருவே எட்டிப் பார்க்கும். புதுசு வாங்கியாயிற்று. இஞ்சினோடு சேரும் இடத்தில், ஸ்டட் என்கிற நீட்டிய திருகாணிகளில் இரண்டே நட்டு... நாமே மாற்றினால் என்ன? வீடியோவில் ஒருவர் இரண்டு நிமிடத்தில் கழற்றினார். அவர் வண்டி செஞ்சி மழையில் நனைந்ததில்லை போலிருக்கிறது.

ஒரு நட்டு வந்தது. இன்னொன்று துருவில் ஒட்டிக்கொண்டது. சூடு ஆறாத அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் விட்டேன். அப்பளம் பொரித்த வாசனை வந்தது — நட்டு வரவில்லை. பலத்தையெல்லாம் காட்டியதில் முனை மழுங்கி, ஸ்பேனர் வழுக்க ஆரம்பித்தது.

என் வண்டியாக இருந்தால் பரவாயில்லை. மனைவியுடையது. கிராம நர்ஸ். மறுநாள் தளவானூரில் தடுப்பூசி நாள். பஸ்ஸை நம்பினால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அத்தனை தாய்மார்களும் வெயிலில் காத்திருக்க வேண்டும். வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“ஓடிக்கினு இருந்த வண்டிங்க இது. சத்தந்தான் போட்டுச்சி.”

போன் செய்தபோது டில்லி மேல்மலையனூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அக்கா மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் அங்கே ஊசி இறங்காது. ஆனாலும், “சிஸ்டர் வண்டியா?” என்று மட்டும் கேட்டார். பளிச்சென்ற வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கிவிட்டார். இறங்கியதுமே என் ஸ்பேனரைத்தான் கீழே வைக்கச் சொன்னார்.

இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடேறியதும் அணைத்தார். மழுங்கிய நட்டின் மேல் தொப்பி மாதிரி கவிழும் சாக்கெட்டில் ஒரு அளவு சிறியதைச் சுத்தியலால் தட்டி ஏற்றினார். பிறகு... கழற்றவில்லை. இறுக்கினார்!

இறுகிக் கிடப்பதை இன்னும் இறுக்குவதா?

“மயிரிழைதான் சார். மொதல்ல துருவோட புடி வுடணும்.”

‘டிக்’ என்றது. அப்புறம்தான் எதிர்ப்பக்கம் திருப்பினார். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே... நட்டு கையோடு வந்தது. ஸ்டட் அசையாமல் நின்றது. மனைவி உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். தளவானூர் பிழைத்தது.

நன்றி சொல்கிற வேகத்தில், இதைக் கடைசியாக மாட்டிய புண்ணியவானை நான் கொஞ்சம் திட்டிவிட்டேன். டில்லி டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான்தான் சார் அது. போன தபா அவசரத்துல கிரீஸ் வெக்காம மாட்டிட்டேன். அதான் துரு புடிச்சிக்கிச்சி.”

சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவா போகிறது? கையெடுத்துக் கும்பிடும் நேரத்தில், ‘இரு, தப்பு என்னுடையது’ என்று தடுக்கிற மனிதர்கள் எத்தனை பேர்? என் நன்றி அந்த நிமிடம் இரண்டு மடங்கானது.

அவர் அக்காவிடமிருந்து போன். “வந்துக்கினே இருக்கேன்க்கா, பாதி வழி வந்துட்டேன்” என்று கூசாமல் சொல்லி வைத்தார். பையிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்தார். ஸ்டட்டின் ஒவ்வொரு மரையிலும், விரல் நுனியால், நிதானமாகத் தடவ ஆரம்பித்தார்.