மீசை இல்லாத வாப்பா

தாராவி மாசானம் இருபத்திரண்டு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறார். தினமும் வடாலாவிலிருந்து நாலு பிள்ளைகளைச் சயானில் உள்ள பள்ளிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவருவார். பிள்ளைகள் வண்டியில் இருந்தால் சைக்கிள்காரர்கள்கூட அவரை முந்திப் போவார்கள். பின்கதவு உள்ளிருந்து திறக்காது. பிள்ளையை யாரிடமெல்லாம் ஒப்படைக்கலாமோ அவர்களுடைய படங்களை அவர் போனில் வைத்திருந்தார். படத்தில் இல்லாத ஆள் பெரியப்பாவே ஆனாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

போன ஜூனில் ஒரு மதியம், கடைசியாக இறங்க வேண்டிய ஆறு வயது சபுராவோடு அவளுடைய கட்டிடத்து வாசலில் வண்டியை நிறுத்தினார். வழக்கமாக அங்கே நிற்கும் அம்மா ஃபர்ஸானாவைக் காணவில்லை. வாட்ச்மேனும் இல்லை. கையில் பெரிய பெட்டியோடு ஓர் ஆள் ஓடிவந்து பின்கதவில் கை வைத்தான்.

மாசானம் இறங்கிக் கதவை மறித்து நின்றார். "யாரு நீங்க?"

"அவ வாப்பா, முகைதீன். கப்பல்ல வேலை. வீட்ல யாருக்கும் சொல்லாம வந்துட்டேன்."

போனில் இருந்த முகைதீனுக்குக் கட்டையான மீசை. எதிரே நின்றவனுக்கு மழுங்கச் சிரைத்த முகம்.

"மீசை எங்க?"

"நேத்துதான் எடுத்தேன் அண்ணாச்சி."

அவன் நீட்டிய பாஸ்போர்ட்டிலும் மீசை இருந்தது. மாசானம் கட்டைவிரலால் மீசையை மறைத்தார். வாயும் தாடையும் சேர்ந்து மறைந்தன.

"மூக்கு ஒத்துப்போகுது. வெறும் மூக்கை நம்பிப் பிள்ளையக் குடுக்க முடியுமா?"

ஃபர்ஸானாவுக்குப் போன் போட்டார்; லைன் கிடைக்கவில்லை. மாசானம் ஜன்னலில் குனிந்தார். "சபுரா, இது யாரும்மா?"

அவள் அந்த ஆளை நன்றாகப் பார்த்தாள். "தெரியாது மாமா."

முகைதீன் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டான். அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "போலீஸ் கோ புலாவ்" என்று போலீஸைக் கூப்பிடச் சொன்னார் ஒருவர். சபுரா பையைத் துழாவி, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை ஜன்னல் வழியே நீட்டினாள். "மீசை வரைங்க, பாப்போம்."

வேறு வழி தெரியாமல் முகைதீன் டாக்ஸியின் கண்ணாடியில் பார்த்து வரைந்தான். ஒரு பக்கம் சற்று மேலே போய்விட்டது.

"இப்ப வாப்பா மாதிரி இருக்கு" என்றாள் சபுரா.

"மாதிரின்னுதான சொல்லுது" என்ற மாசானம் கதவை விட்டு நகரவில்லை.

அரைமணி நேரம் கழித்து ஃபர்ஸானா வியர்த்து வழிய ஓடிவந்தாள். பிள்ளையை அழைக்க இறங்கும்போது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். வாட்ச்மேன்தான் கம்பி போட்டுத் திறந்துவிட்டிருக்கிறான். புருஷனையும் அந்தக் கோணல் மீசையையும் பார்த்து, அழுகையும் சிரிப்புமாக வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாசானம் கதவைத் திறந்தார். முகைதீன் மகளைத் தூக்கிக்கொண்டான். "நெஜமாவே வாப்பாவைத் தெரியலையாடி?"

"பாத்ததுமே தெரிஞ்சிது. என் பொறந்தநாளுக்கு வரல்லல்ல, அதான்."

மாசானத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. ரொம்ப நேரம் வெயில்ல நிக்க வச்சுட்டேன்."

முகைதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க உடனே கதவைத் திறந்திருந்தாதான் அண்ணாச்சி நான் பயந்திருப்பேன்."

மாசானம் போனை எடுத்தார். "சரி, முகத்தைக் கழுவிட்டு வாங்க. புதுப் படம் ஒண்ணு எடுத்துக்கிடுதேன்."