ரூட் பகுதி நிரம்பிய கல்யாண ஆல்பம்

கருங்கல் ஊரில் ஒரு ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் முடங்கிப்போனது. லினக்ஸ். புரோகிராம்கள் இருக்கும் ரூட் பகுதியில் இடம் தீர்ந்து, ஆல்பம் செய்யும் புரோகிராம் திறக்க மறுத்தது. அந்தக் கம்ப்யூட்டரை இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்தவன் நான். பழுது பார்க்கும் சகாக்களுக்குத் தெரியும்: நாம் ஒருமுறை கைவைத்த மிஷின் என்றால், எத்தனை வருஷம் கழிந்தாலும் பழி நமக்குத்தான்.

அழித்தும் வராத இடம்

ஸ்டுடியோ முதலாளி தங்கராஜ் பதறிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை துபாய்க்கு விமானம் ஏறுகிறார். அதற்குள் கல்யாண ஆல்பம் அவர் கைக்குப் போகவேண்டும். பழைய படங்களை அழித்துப் பார்த்திருக்கிறார். இடம் வரவில்லை. வராது. அழித்தது படங்கள் இருக்கும் ஹோம் பகுதியில், நிரம்பியது ரூட் பகுதி. இரண்டு வயல், நடுவில் வரப்பு என்று விளக்கினேன்.

"வரப்புதானே? வெட்டி விடுங்க அண்ணாச்சி. அதுக்கு எதுக்கு இவ்வளவு பிரசங்கம்?"

வெட்டும் முன்

வெட்டலாம். ரூட் பகுதி சின்னது, அதுதான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன்; ஹோமைச் சுருக்கி, நகர்த்தி, ரூட்டை விரிக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் கல்யாணமே போச்சு. யுபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டேன்.

"யுபிஎஸ் உண்டு அண்ணாச்சி. பேட்டரிதான் கிடையாது."

பையில் கிடந்தது

பரவாயில்லை, நகல் இருக்கிறதே. தினமும் கடை அடைக்கும்போது படங்கள் தானாக வெளி டிஸ்க்கில் ஏறும்படி வைத்தவனும் நான்தான். டிஸ்க்கின் ஃபோல்டரைத் திறந்தேன். கல்யாணம் முழுசும் இருந்தது. வரப்பை வெட்டும் புரோகிராம் இருந்த என் பென்டிரைவைத் தைரியமாக எடுத்துச் செருகினேன்.

அப்போது ஆல்பம் டிசைன் செய்கிற ஸ்டெல்லா பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே வந்தாள். வாரம் இரண்டு முறை டிஸ்க்கைக் கழற்றி, ஆல்பம் அச்சடிக்கும் களியக்காவிளை பிரஸ்ஸுக்குக் கொண்டுபோவது அவள் வேலை. அது எனக்குத் தெரியாது, ஒருவரும் சொல்லவுமில்லை. நான் செய்வதைப் பார்த்தாள்.

"டிஸ்க் என் பையிலல்லா கெடக்கு சாரே! பின்ன நீங்க எதப் பாத்துட்டு இருக்கீங்க?"

டிஸ்க் இல்லாத நாளெல்லாம் நகல்கள் அதே பெயருள்ள ஃபோல்டரில், அதாவது ரூட் பகுதியிலேயே விழுந்திருக்கின்றன. வெளியே இருக்கிறது என்று நான் நம்பிய நகலும் அதே கம்ப்யூட்டருக்குள்தான். ஸ்டெல்லா டிஸ்க்கைச் செருகி, வேறு பெயருள்ள ஃபோல்டரில் திறந்து, ரூட்டில் விழுந்த நகல்களையெல்லாம் அதற்கு மாற்றினாள்; ரூட்டில் இடம் வந்தது. புரோகிராம் திறந்தது. சனிக்கிழமை ஆல்பம் போய்ச் சேர்ந்தது. தங்கராஜ் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"பென்டிரைவ மறந்துராதீங்க அண்ணாச்சி."

பகுதி சின்னது என்று அடித்துச் சொன்னவன் நான். வரப்பைத் தொடாமலே இடம் எடுத்துக் கொடுத்தவள் ஸ்டெல்லா.